கூசா குடைந்த கை

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை ஞாயிற்றுக்கிழமை. அன்று யார் வீட்டில் என்ன நடந்தாலும் துணி துவைத்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மொட்டைமாடியில் வீட்டுக்கு ஒரு தொட்டி. அன்று நிரம்புவதை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை ஓட்டியாக வேண்டும். ஜோர்டானின் அம்மான் நகரத்தில், அதிலும் ஜோஃபா மலையில், குடியிருப்பவர்களின் தலையெழுத்து அது.

அந்தத் தலையெழுத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், என் கீழ்மாடி இன்ஷிராஹைத்தான் சொல்வேன். அரிசி கழுவிய தண்ணீர் அவளிடம் புதினாச் செடிக்குப் போகும். துணி அலசிய தண்ணீர் படிக்கட்டைக் கழுவும். படிக்கட்டில் வழிந்தது வாசல் எலுமிச்சை மரத்துக்கு. வாரக் கடைசி நெருங்கினால் மாடிக்கு ஏறித் தொட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். சத்தத்தை வைத்தே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவாள். போகிற போக்கில் என் தொட்டியையும் தட்டி, "அக்கா, உன்னுது நாளைக்கு மதியத்துக்குள்ள காலி. குளியலைக் கொஞ்சம் கொறச்சுக்க" என்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள் சொன்னபடியே காலியும் ஆகும்.

நான் உம் கைஸ். எங்கள் பக்கம் மூத்த பிள்ளையின் பெயரோடு அம்மாவை 'உம்' என்றும் அப்பாவை 'அபூ' என்றும் சேர்த்துக் கூப்பிடுவோம்; மூத்தவள் லுஜைன் என்பதால் இன்ஷிராஹ் எனக்கு உம் லுஜைன். என் மகன் கைஸ் இர்பித் நகரத்தில் வேலை பார்க்கிறான். அவன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதற்கு ஏற்ற தொண்டையும் உண்டு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்கள் 'ஆவீஹா' என்று எடுத்து, நாலு வரி அந்த இடத்திலேயே கட்டிப் பாடி, முடிவில் குலவை இடுவார்கள். இந்த மலையில் நான் எடுத்தால்தான் விசேஷம் தொடங்கியதாக அர்த்தம். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

எங்கள் இரண்டு வீட்டுச் சமையலறைக்கும் குளியலறைக்கும் பொதுவாக ஒரு காற்றுக்கூண்டு உண்டு. கீழேயிருந்து மொட்டைமாடி வரை திறந்த சந்து அது. அவள் வெங்காயம் வதக்கினால் எனக்கு மணக்கும். நான் முணுமுணுத்தால் அவளுக்குக் கேட்கும். அந்த வாரம் திங்கட்கிழமை காலையில் அதன் வழியாக எனக்குக் கேட்டது ஒரு சொட்டுச் சத்தம். டொக். கொஞ்சம் கழித்து இன்னொன்று. இன்ஷிராஹின் வீட்டிலிருந்து தண்ணீர் வீணாகும் சத்தம் வருவது, இமாம் வீட்டிலிருந்து சீட்டாடும் சத்தம் வருவது மாதிரி. என் காதையே நான் நம்பவில்லை.

"என்ன உம் லுஜைன், ஒழுகுது போலிருக்கே?" என்று கூண்டில் தலையை நீட்டிக் கேட்டேன்.

"வாயை வைக்காத அக்கா. குழாய் ரப்பர் போயிடுச்சுன்னு நெனக்கிறேன்."

குழாய் ஒழுகினால் குழாய்க்காரனைக் கூப்பிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் ஆண் இல்லாதபோது எந்தக் குழாய்க்காரனும் வாசற்படி தாண்ட மாட்டான். தாண்டினால் தெரு சும்மா இருக்காது. இன்ஷிராஹின் கணவர் அபூ லுஜைன் அகபா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், வியாழக்கிழமை மதியம்தான் வருவார். மூன்றும் பெண் பிள்ளைகள். கட்டடத்தின் தரைத்தளம் பூட்டிக் கிடக்கிறது. என் வீட்டிலோ நான் ஒருத்தி. ஆக, ஆண் துணை என்று கூப்பிட இருந்தது அவள் கணவரின் அண்ணன் அபூ ஷாஹிர் ஒருவர்தான். நகரத்தின் வடக்கே தபர்பூரில் இருக்கிறார்.

சாதாரண வாரமாக இருந்தால் அவள் யாரையும் கூப்பிட்டிருக்கவே மாட்டாள். ஆனால் அந்த வியாழக்கிழமை மாலை அவள் வீட்டுக்கு ஜாஹா வருகிறது. மூத்தவள் லுஜைனை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கூட்டமாக வந்து, சபை வைத்து, முறைப்படி கேட்கப் போகிறார்கள். வீட்டுக்கு வரப்போகும் அத்தனை பேருக்கும் காப்பி, கினாஃபா இனிப்பு, கை கழுவத் தண்ணீர், தொழுகைக்கு முன் உளூச் செய்யத் தண்ணீர். எல்லாம் அந்தத் தொட்டியிலிருந்து.

அபூ ஷாஹிர் அன்று மாலையே வந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். கார் டிக்கியிலிருந்து முழங்கை நீள ஸ்பானர் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒட்டகத்தை அறுக்கப் போகிறவர் போல ஏறி வந்தார். குழாயைப் பிடித்து இறுக்கினார். இன்னும் இறுக்கினார். பிறகு ஒரு கந்தலைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார். "அவ்வளவுதான். இதுக்குப் போய் இந்தக் கூப்பாடா?" என்று டீ குடித்துவிட்டுப் போனார். அவர் இறங்கிப் போய்க் கார் கீழ்த்தெரு முனை திரும்புவதற்குள் சொட்டு நூலாகி, நூல் கயிறாகி ஒழுகத் தொடங்கிவிட்டது.

ஒழுகுவதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். பிடித்தாள். வாளியில் பிடித்தாள், அண்டாவில் பிடித்தாள், கினாஃபாத் தட்டில் பிடித்தாள். செவ்வாய்க்கிழமை நான் போனபோது அந்த வீட்டில் கால் வைக்க இடமில்லை. கூடத்தில் விருந்தாளிகள் உட்காரவேண்டிய இடத்தில் சட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சமைப்பதற்கு ஒரு பாத்திரம்கூடக் காலியாக இல்லை. எல்லாமும் நிறைந்த பிறகு மிச்சம் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. தொட்டியை மாடியிலேயே அடைத்துவிடலாம் என்றால், அந்த வால்வு துருப்பிடித்தது, அசைத்தால் உடைந்துவிடும், யாரும் தொடாதீர்கள் என்று அபூ ஷாஹிர் மிரட்டிவிட்டுப் போயிருந்தார். லாரித் தண்ணீர் எங்கள் படிக்கட்டுத் தெருவுக்கு ஏறாது.

அவள் அபூ ஷாஹிருக்கு மறுபடி போன் போட்டாள். முந்தின ராத்திரி போட்டதற்கும் நாளைக்கு வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு ஆளைக் கூட்டிட்டு வர்றேன், இன்ஷா அல்லாஹ்" என்றார் அவர்.

"நேத்தும் அதைத்தானே சொன்னீங்க?"

"நேத்து சொன்ன நாளைக்கு வேற, இன்னிக்குச் சொல்ற நாளைக்கு வேற. பொறுமையா இரும்மா."

புதன்கிழமை காலையில் ஆள் வரவில்லை. வந்தது அவர் மனைவி உம் ஷாஹிரின் போன். அந்தக் குரல் தேனில் ஊறியது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"கண்ணு, எதுக்கு இப்படிக் கஷ்டப்படுற? ஜாஹாவை எங்க வீட்லயே வச்சுக்கலாம். புது சோஃபா வந்திருக்கு. உறையெல்லாம் எடுத்துட்டேன். தண்ணியும் இருக்கு. நீங்க சும்மா உடுத்திக்கிட்டு வந்தாப் போதும். விருந்தாளி மாதிரி உட்காரு."

"சாயங்காலம் சொல்றேன்" என்று இன்ஷிராஹ் போனை வைத்தாள். வைத்த வேகத்தில் பக்கத்துச் சட்டித் தண்ணீர் தளும்பியது.

எனக்குக் காரணம் தெரியும். இருபது வருஷம் மேலும் கீழுமாக இருக்கிறோம், தெரியாமல் போகுமா? இன்ஷிராஹைப் பெண் கேட்க வந்தபோது அவள் அப்பா உயிரோடு இல்லை. சின்ன வீடு வேண்டாம், சபை வைக்க லாயக்கில்லை என்று அவள் பெரியப்பா தன் வீட்டில் வைத்தார். அன்று அவளைப் பெற்றவள் அடுத்தவள் அடுப்படியில் நின்று, முதலிலிருந்து கடைசி வரை கண்ணாடித் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். சம்மதம் சொன்னது அவள் காதில் விழவில்லை. குலவைச் சத்தம் கேட்டு ஈரக்கையோடு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்து எல்லோரும் இனிப்புத் தின்றுகொண்டிருந்தார்கள். மகளைக் கொடுத்த செய்தி தாய்க்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. இதை என்னிடம் சொன்ன அன்று இன்ஷிராஹ், "என் பொண்ணுக்குக் கேட்டு வரும்போது, என் அடுப்புல, என் தண்ணியில, நான் போட்ட காப்பியைத்தான் அவங்க குடிக்கணும்" என்றாள். லுஜைன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

போனை வைத்தவள் கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் கழுத்தில் கந்தல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீ போய்க் குளி" என்றாள் திடீரென்று.

"ஏன், நாறுறேனா?"

"போய்க் குளின்னா குளி. எனக்கு ஒரு வேலை இருக்கு, நீ பாத்தா தடுப்ப."

போனேன். தலை முழுக்கச் சோப்பை அப்பிக் கண்ணை இறுக்கி மூடிய நேரம் பார்த்துத் தண்ணீர் நின்றுவிட்டது. குழாயைத் திருகுகிறேன், தட்டுகிறேன், திட்டுகிறேன். ஒரு சொட்டு வரவில்லை. கண்ணெரிச்சலோடு கூண்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து கத்தினேன்.

"யாருடீ என் தண்ணியை அடைச்சது?"

கீழேயிருந்து இன்ஷிராஹின் குரல் வந்தது. "ஐயோ, அது உன்னுதா? அப்ப என்னுது எங்க? இங்க இன்னும் கொட்டிக்கிட்டே இருக்கே!"

"செவப்புத் துணி கட்டினது உன்னுது, பச்சை என்னுது! கண்ணு தெரியல?"

"நீ மாடிக்கு வந்து பாரு அக்கா. எல்லாமே வெள்ளையாத்தான் இருக்கு!"

எங்கள் மாடியில் இரும்புக் குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் செடிவேர் மாதிரிப் பின்னிக் கிடக்கும். எது யாருடையது என்று தெரிவதற்காக அவரவர் வால்வில் அவரவர் ஒரு கலர்த் துணியைக் கட்டியிருப்போம். கட்டிய பிறகு யார் திரும்பிப் பார்த்தார்கள்? அத்தனை கோடை வெயிலும் அடித்து, சிவப்பும் பச்சையும் ஒரே எலும்பு நிறமாகிவிட்டிருந்தன. சோப்புத் தலைமேல் துண்டைச் சுற்றி, அதன்மேல் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நான் மாடிக்கு ஏறிய கோலத்தைப் பார்த்து எதிர்மாடிப் புறாக்கள் பறந்துபோயின. இன்ஷிராஹ் தன் தொட்டியில் கை வைத்து, அதிலிருந்து இறங்கும் குழாயை விடாமல் தடவிக்கொண்டே குனிந்து நடந்து, கடைசியில் சரியான வால்வைப் பிடித்தாள்.

"உடைஞ்சுடும்னு சொன்னாரே?" என்றேன்.

"அவர் சொன்ன எது நடந்திருக்கு, இது நடக்கிறதுக்கு?" என்று சொல்லிப் பிஸ்மில்லாவோடு திருகினாள். ஒரு கிறீச். அவ்வளவுதான். வெண்ணெயில் கத்தி போல மூடிக்கொண்டது. கீழே ஒழுகலும் நின்றது.

என் வால்வைத் திறந்துவிட்டாள். ஆனால் நான் குளிக்கப் போகவில்லை. இந்த வேடிக்கையை விட்டுவிட்டு யார் குளிப்பார்கள்? அவள் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். சோப்பு தலையிலேயே காய்ந்தது.

கணவரின் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தாள். குழாயின் மெருகு கீறிவிடக் கூடாதென்று கழுத்தில் பழைய முக்காடு ஒன்றைச் சுற்றினாள். அசையவில்லை. அபூ ஷாஹிர் அப்படி இறுக்கியிருந்தார், மறுமை வரை தாங்கும்படியாக. நானும் போய் ஸ்பானரைப் பிடித்தேன். இரண்டு பேரும் தொங்கினோம். மூன்றாம் இழுப்பில் அது சட்டென்று இளக, நான் போய்ச் சட்டி ஒன்றில் உட்கார்ந்தேன். நிறைந்த சட்டி. தலைக்கு வராத தண்ணீர் வேறு இடத்துக்கு வந்தது என்று இன்ஷிராஹ் சிரித்த சிரிப்பில் கூண்டே எதிரொலித்தது. அவள் சிரித்து அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

கழற்றி எடுத்த தண்டின் அடியில் வாஷர் கருகிப் பிளந்து போயிருந்தது. அதைத் தாளில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் தலையைக் கழுவிக்கொள்ள, இருவருமாகக் கீழ்த்தெரு இரும்புக்கடைக்கு இறங்கினோம். கடைக்காரர் வாஷரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த தன் நண்பர்களைப் பார்த்தார்.

"வீட்டு ஆம்பளையை அனுப்பும்மா. இதெல்லாம் பொம்பளைங்க வேலை இல்ல."

"ஒழுகுறது குழாய்தாங்க, ஆம்பளை இல்ல" என்றாள் இன்ஷிராஹ். "குழாய்க்கு என்ன வேணுமோ அதைக் குடுங்க."

உள்ளே ஒருத்தருக்கு டீ மூக்கில் ஏறியது. வாஷர் உடனே கிடைத்தது.

மாட்டினாள். மாடிக்கு ஓடி வால்வைத் திறந்தேன். இறங்கி வந்து பார்த்தால், டொக். கொஞ்சம் கழித்து இன்னொன்று. புது ரப்பரைப் போட்டும் அதே ஒழுகல். கழற்றி மாட்டினாள். மறுபடி நான் மாடிக்கு. மறுபடி டொக். என் முழங்கால் போட்ட சத்தம் அதைவிடப் பெரிது.

இன்ஷிராஹ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். "எங்கம்மா மாதிரியே ஆயிட்டேன் பாத்தியா அக்கா? அங்க போய் அவ வீட்டுத் தம்ளரைக் கழுவப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். அபூ ஷாஹிரின் சோஃபாவுக்குத் தீப்பிடிக்கட்டும் என்று மனசுக்குள் சபித்தேன். இப்போதும் அதை வாபஸ் வாங்கவில்லை.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம். ஜாஹா நின்றாலும் சோறு நிற்குமா? ஒரு சட்டியைக் காலி செய்துவிட்டு, கூடையிலிருந்த கூசாக்களை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கூசா என்பது பிஞ்சுச் சுரைக்காயின் சின்னத் தங்கை. உள்ளே குடைந்து எடுத்துவிட்டு, அரிசியும் இறைச்சியும் அடைத்து வேகவைப்போம். குடைவதற்கென்றே ஒரு கோல் உண்டு. நீளமான மெல்லிய தகடு, பாதிக் குழலாக வளைந்திருக்கும், ஒரு மரப்பிடி. குடைகோல் இல்லாத வீட்டில் எங்கள் பக்கம் பெண் கொடுக்க மாட்டார்கள். ஆனால் குடைவது எல்லாருக்கும் கைவராது. கொஞ்சம் அழுத்தினால் அடித்தோல் ஓட்டையாகிவிடும், அரிசி எல்லாம் குழம்பில் மிதக்கும். இன்ஷிராஹ் ஓட்டை போட்ட கூசாவை நான் பார்த்ததே இல்லை. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டே குடைவாள். அடித்தோல் வந்ததை விரல்நுனி சொல்லிவிடும்.

அன்று கோபத்தில் குடைந்தாள். ஒன்று, இன்னொன்று. அடுத்ததின் நடுவில் கை நின்றது. குடைகோலைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள்.

"அக்கா, ரப்பர் போய் உக்கார்ற இடத்தை நாம பாக்கவே இல்லையே."

வால்வை மூட என்னை மாடிக்கு விரட்டினாள். நான் இறங்கி வந்ததும் தண்டைக் கழற்றிக் குழாயின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டாள். முகம் மாறியது.

"சொரசொரன்னு இருக்கு. நம்ம தண்ணியோட சுண்ணாம்பு. கெட்டில் அடியில படியுமே, அதே. அதுக்கு மேல எந்த ரப்பரைப் போட்டாலும் எப்படி உக்காரும்?"

காடி, அதுதான் வினிகர், பாட்டிலை எடுத்துக் குழாய்க்குள் ஊற்றினாள். உள்ளே நுரைத்தது. அடுப்படி முழுக்க ஊறுகாய் வாசம். கொஞ்சம் ஊற விட்டுக் குடைகோலை உள்ளே இறக்கினாள். கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள், கூசா குடைவது போலவே. மணிக்கட்டு மெதுவாகச் சுழன்றது. அழுத்தவில்லை. சுற்றினாள், நிறுத்தினாள், காது கொடுத்தாள், சுற்றினாள். முட்டையோடு மாதிரி வெள்ளைச் சில்லுகள் கோலோடு வந்தன.

"அக்கா, மாடிக்குப் போ. சொல்றப்போ திற, சொல்றப்போ மூடு."

முழங்காலைச் சபித்துக்கொண்டே ஏறினேன். கூண்டு வழியாக அவள் குரல் மேலே வந்தது. "திற!" திறந்தேன். கீழே ஊற்று அடித்த சத்தமும் அவள் வீறிட்ட சத்தமும் சேர்ந்து கேட்டன. "மூடு, மூடு! கூரை வரைக்கும் அடிச்சிடுச்சு! சில்லெல்லாம் வெளிய வந்திடுச்சு!" மூடினேன். தண்டை மாட்டி இறுக்கினாள். அபூ ஷாஹிர் மாதிரி இல்லை, ஜாடிக்கு மூடி போடுவது மாதிரி. "இப்பத் திற!"

நான் இறங்கி வந்தபோது குழாய்க்கு அடியில் காய்ந்த தட்டு ஒன்றை வைத்து அதில் கோதுமை மாவைப் பரப்பியிருந்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் மாவில் குழி விழும். இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். தலையிலிருந்து முழங்கை வரை அவள் நனைந்திருந்தாள். மிச்சக் கூசாவைக் குடைந்து முடித்தோம். அரிசி அடைத்தோம். அடுப்பில் ஏற்றினோம். பிள்ளைகள் வந்து சாப்பிட்டார்கள். மாவு ஒரு குழிகூட இல்லாமல் பரப்பிய மாதிரியே இருந்தது.

இன்ஷிராஹ் எழுந்து, ஸ்பீக்கரைப் போட்டு, உம் ஷாஹிருக்குப் போன் செய்தாள்.

"அக்கா, சோஃபாவுக்கு உறையைத் திருப்பி மாட்டிடுங்க. ஜாஹா எங்க வீட்ல. விருந்தாளியா வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க."

"குழாய்?"

"குழாய் சரியாயிடுச்சு."

"சரி" என்றாள். அதில் தேனே இல்லை. அந்தச் 'சரி'யை நான் இன்றும் நினைத்து நினைத்து ருசிக்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் அபூ லுஜைன் அகபாவிலிருந்து வந்தார். நல்ல மனிதர், ஆனால் அண்ணன் என்றால் அவருக்குக் கண் தெரியாது. அடுப்படிக்குள் போனார். குழாயைத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். யாரையும் எதுவும் கேட்காமல் போனை எடுத்தார். "அண்ணே, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும். புதுக்குழாய் மாதிரி பண்ணிட்டீங்க!" மறுமுனையில் அபூ ஷாஹிர் சொன்னது எனக்கும் கேட்டது. "இதெல்லாம் ஒரு விஷயமாடா? ஒரு ஆள்கிட்டச் சொல்லி விட்டிருந்தேன். அண்ணன்னு எதுக்கு இருக்கேன்?"

நான் வாயைத் திறந்தேன். இன்ஷிராஹ் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "இன்னிக்கு வேணாம் அக்கா. அண்ணன் தம்பிக்குள்ள முறைச்சுக்கிட்டா சபை கெட்டுடும். காப்பி என் வீட்லதானே? அது போதும் எனக்கு." அவளுக்குப் போதும். எனக்குப் போதாது.

மாலையில் ஜாஹா வந்தது. ஆண்கள் கூடத்தில் நிறைந்தார்கள். பெண்கள் நாங்கள் அடுத்த அறையில், கதவை ஒருக்களித்துக் காதை அங்கே வைத்திருந்தோம். கூடத்தை அடுத்திருந்த அடுப்படியில் இன்ஷிராஹ் காப்பி இறக்கிக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து நின்றாள். தட்டு உள்ளே போனது. மாப்பிள்ளையின் தாத்தா ஹாஜி அபூ நவ்வாஃப் முதல் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் முன்னாலிருந்த மேசையில் வைத்தார். கேட்க வந்தது கிடைக்கும்வரை குடிப்பதில்லை என்பது முறை. அந்தக் கோப்பை அப்படி இருக்கும்போது வீடு முழுக்க யாருக்கும் மூச்சு வராது. சம்மதம் சொல்லிக் காப்பி குடித்த பிறகுதான் பெண்கள் குலவை இடலாம். அதற்கு முன் ஒரு சத்தம் வரக் கூடாது.

ஹாஜி முறைப்படி பெண் கேட்டார். பதில் சொல்ல வேண்டியது மூத்தவர் என்ற முறையில் அபூ ஷாஹிர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குலப் பெருமையில் தொடங்கினார். தம்பி வீடு தன் வீடு என்றார். தம்பி ஊரில் இல்லாதபோது இந்த வீட்டுப் பாரமெல்லாம் தன் தோளில்தான் என்றார். "நேத்துக்கூடப் பாருங்க, குழாய் ஒழுகி இந்த வீடே குளமாக் கிடந்தது. பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க பாவம்? நான் மட்டும் ஆள் அனுப்பிச் சரி பண்ணலேன்னா, இந்தக் காப்பிக்கே இன்னிக்குத் தண்ணி இருந்திருக்காது."

நான் இன்ஷிராஹைப் பார்த்தேன். காலிக் கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அவள் அம்மாவை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

முறையாவது மண்ணாவது! எழுந்தேன். உம் ஷாஹிர் என் தொடையைக் கிள்ளினாள். கையை வாயோரம் குவித்துக்கொண்டு, ஒருக்களித்த கதவு வழியாக, இந்த மலைக்கே கேட்கும்படி எடுத்தேன்.

"ஆவீஹா! கூடம் நெறஞ்ச பெரியோரே, கொஞ்சம் காதைத் தாருங்க!
ஆவீஹா! கூசா குடைஞ்ச கை ஒண்ணு குழாய் குடைஞ்ச கதை கேளுங்க!
ஆவீஹா! ப்ளம்பரும் வரல, வர்றேன்னு சொன்னவரும் வரல!
ஆவீஹா! பொண்ணைப் பெத்தவ மூடின குழாயில பொட்டுத் தண்ணி ஒழுகல!"

கடைசியில் ஒரு குலவை. தொண்டை கிழிய.

கோப்பை மேசையில் அப்படியே இருந்தது. கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு ஹாஜி அபூ நவ்வாஃபின் குரல் கேட்டது.

"வர்றேன்னு சொன்னவர் யாருன்னு நான் கேக்கல. குழாயைச் சரி பண்ணினது யாரு? அதை மட்டும் சொல்லுங்க."

அபூ ஷாஹிரின் முகத்தில் ஈயாடவில்லை என்று பிறகு கூடத்திலிருந்த பையன்கள் சொன்னார்கள். எழுந்தவர் அபூ லுஜைன். கூட்டத்தைக் கடந்து வந்து ஒருக்களித்த கதவின் இந்தப் பக்கம் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். நனைந்து சுருங்கிய விரல்நுனிகளைப் பார்த்தார். ஆண்கள் சபையில் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கமில்லை. இன்னாரின் அம்மா என்போம், வீட்டார் என்போம். அவர் திரும்பிச் சபையைப் பார்த்துச் சொன்னார்.

"இன்ஷிராஹ். என் மனைவி இன்ஷிராஹ்தான் சரி பண்ணியிருக்கா. எனக்கே இப்பத்தான் தெரியும். காப்பியும் அவ போட்டது, தண்ணியும் அவ காப்பாத்தினது. குடிங்க ஹாஜி. பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு."

ஹாஜி கோப்பையை எடுத்தார். குடித்தார். "இப்பேர்ப்பட்டவ வளர்த்த பொண்ணைக் கேக்க நாங்கதான் தயங்கியிருக்கணும்" என்று சொல்லி இன்னொரு கோப்பை கேட்டார்.

அதன் பிறகு நான் இட்ட குலவையை எண்ணுவார் இல்லை. பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். உம் ஷாஹிர்கூட இட்டாள், பாவம், நமத்துப்போன பட்டாசு மாதிரி. இன்ஷிராஹ் மட்டும் குலவை இடவில்லை. அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். தண்ணீரில் கைவைக்கும்போதெல்லாம் கணக்குப் பார்க்கிறவள், அன்று பார்க்கவில்லை. நானும் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? இந்தத் தடவை தாய்க்குத்தான் முதலில் கேட்டது.

குழாயை மூடினாள். அது வாயை மூடிக்கொண்டு நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"உன் குளியலறைக் குழாயும் சொட்டுது அக்கா. கூண்டுல எனக்குக் கேக்குது. நாளைக்கு வர்றேன்."

"எந்த நாளைக்கு?" என்று கேட்டேன்.

"அபூ ஷாஹிரோட நாளைக்கு இல்ல. என்னோட நாளைக்கு."

மறுநாள் காலை என் டீ ஆறுவதற்குள் கதவைத் தட்டினாள். ஒரு கையில் காடி பாட்டில், மறு கையில் குடைகோல்.